குடைக்காரர் படம்

காபிக்கடையில் கிடந்த, யூதர்களைத் தூற்றும் புதுப் பத்திரிகையைக் கார்ட்டூன்காரன் எங்கெல்பர்ட் வெடுக்கென்று எடுத்தான். அட்டையில் அவன் வரைந்த படம். தொங்கு தாடியோடு குடை நீட்டும் யூதக் கிழவர். மூலையில் அவன் கையெழுத்துகூட அப்படியே இருந்தது. மாறியது அடிவரி மட்டும்.

'குறும்பன்' கேலிப் பத்திரிகையில் ஏழு வருஷம் அந்தக் கிழவர் மந்திரிகளைக் கலாய்த்தார். "மழை வரும்போல இருக்கு, மந்திரி ஐயா. குடை வேணுமா?" இப்போது கீழே இருந்தது: "மழையை வரவழைப்பவனே இவன்தான்!"

முகம் தாபோர் தெருக் குடைக்கடை லைப்லுடையது. மூக்கை மட்டும் சிரிப்புக்காக இவன் ஒரு விரற்கடை நீட்டியிருந்தான். லைப்ல் கோபிக்கவில்லை. முதல் படத்தைச் சட்டம் போட்டுக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டினார். "இது நீங்கதானா?" என்று கேட்டால் தொப்பியைக் கழற்றி, "சாட்சாத் நானேதான்!" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுக் குடை வாங்குவார்கள்.

குறும்பன் நொடித்ததும் முதலாளி படம் அச்சடிக்கும் பிளாக்குகளையெல்லாம் விற்றார். பழைய தகடுதானே என்று இவன் சும்மா இருந்துவிட்டான், மடையன்.

நேரே அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு ஓடினான். ஆசிரியர் நாற்காலி போட்டு உபசரித்தார்.

"படத்தை நிறுத்துங்க சார். அது நெஜமா இருக்கற மனுஷர்."

"அப்படியா? எங்களுக்குத் தெரியாதே!" ஆசிரியர் பேனாவைத் திறந்தார். "எந்தத் தெரு?"

எங்கெல்பர்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"பரவாயில்லை, விசாரிச்சுக்கறோம்," என்றார் அவர், சிரித்த முகமாகவே.

விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தாபோர் தெருவில் கடைமுன் இருபது பேர் நின்றிருந்தார்கள். கையிலிருந்த அட்டையையும் கண்ணாடிக்குள் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடித்துப் புகுந்து உள்ளே போனான்.

"வாடா! நம்ம பத்திரிகை மறுபடி வந்துடுச்சா?" லைப்லின் முகமெல்லாம் பல். "எத்தனை நாளாச்சு இப்படிக் கூட்டம் பார்த்து! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

"வெளியே போகாதீங்க அண்ணே. கதவைச் சாத்துங்க!" என்று கத்திக்கொண்டே படத்தைக் கழற்றினான். ஆணி வரமாட்டேன் என்றது.

வாசலில் ஒரு பெண்மணி, பல வருஷ வாடிக்கை, அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "ஐயா, இது நீங்கதானா?"

லைப்ல் வாசலுக்குப் போய்விட்டார். பழக்கம். தொப்பியைக் கழற்றினார்.

"சாட்சாத் நானேதான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை.