மஞ்சள் சோபாவைச் சுற்றி

லொங்குய் என்ற ஊரில் இருக்கும் வீட்டை நாங்கள் திரையிலேயே சுற்றிப் பார்த்து, திரையிலேயே கையெழுத்திட்டு வாங்கினோம். சாவி கிடைக்கும்வரை ஒரு செயலியில் அதை நான் அலங்கரித்துக்கொண்டே இருந்தேன். வரவேற்பறையின் நடுவில் ஒரு பெரிய மஞ்சள் சோபா. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் கணவர் ரதீசனுக்கு அது பிடிக்கவில்லை.

"தேர் மாதிரி நடு ஹோலில நிக்குது. ஆர் இதைச் சுத்திச் சுத்தித் திரியிறது?"

"நீங்கள்தான்."

"சாம்பல் நிறத்தில ஒண்டு வாங்குவம், தனு. ஊத்தை தெரியாது."

சிரித்தேன். ஆனால் நிறத்தை மாற்றவில்லை. வாடகை வீடுகளில் ஊத்தை தெரியாத நிறங்களையே வாங்கிப் பழகியவள் நான். ஆசைக்காக மட்டும் ஒரு நிறத்தைத் தேர்ந்தது இதுதான் முதல் தடவை.

சாவி கிடைத்த காலையில் பால் காய்ச்சப் போனோம். வலது காலை வைத்து நுழைந்தேன். வெறும் தரை, நிறைய வெயில். பால் ஊற்றிய புதுப் பானையோடு ரதீசன் குசினிக்கு நடந்தார். நேராகப் போகாமல் நடுவில் ஒதுங்கி, அரைவட்டம் போட்டுப் போனார்.

"ஏனப்பா சுத்திப் போறியள்?"

நின்றார். வெறும் தரையைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் கள்ளச் சிரிப்பு.

"சோபாவில இடிபட்டுப் பால் ஊத்துப்பட்டா?"

நான் கூவிக்கொண்டு அந்த இல்லாத சோபாவைச் சுற்றி ஓடினேன். பிறகு பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, சோபா வரப்போகும் இடத்தில் இருவரும் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைபேசியில் அதை ஓடர் பண்ணினோம். மஞ்சள்தான்.

குசினியில் பால் பொங்கி வழிந்தது. எந்தப் பக்கம் வழிந்தது என்று இருவருமே சகுனம் பார்க்கவில்லை.