தூறலில் வந்த கோப்பை

லீக்கின் கடைசி மேட்ச். டிரா ஆனாலே கோப்பை எங்களுக்கு. இரண்டாம் பாதியில் தூறல் விழுந்தது. எங்கள் டீமில் எல்லாருமே உப்பளத்துக்காரர்கள். பந்தை அப்படியே விட்டுவிட்டு உப்புக் குவியல்களை மூட ஓடினோம்.

தார்ப்பாய் போட்டுவிட்டுத் திரும்பினால் கிரவுண்டில் ரெஃப்ரி மட்டும் நனைந்துகொண்டு நின்றார். எதிர் டீம் மீனவர்கள். காயவைத்த கருவாட்டை அள்ள அவர்களும் ஓடிவிட்டார்களாம்.

"யாரு சார் ஜெயிச்சது?"

"ரெண்டு டீமும் ஓடிட்டீங்க. கோலே இல்ல. டிரா. கப்பு உங்களுக்குத்தான்."

"ஆளே இல்லாத கிரவுண்டுல நாங்க எப்படி சார் சாம்பியன்?" என்றான் கோல்கீப்பர் அர்ச்சுனன்.

"அத என்னக் கேட்டா?" என்று எரிந்து விழுந்தார்.

சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் போட்டோவுக்கு நின்றோம். மறுபடியும் காற்றோடு தூறியது. தார்ப்பாயைக் கட்டாமல் வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாம்பியன் போட்டோவில் கோப்பையோடு ரெஃப்ரி மட்டும்தான் இருக்கிறார்.