சிவந்துபோன காளான் பைகள்

கண்ணுகளா, சீனத்தில் எங்கள் என்ஷி மலை மண்ணில் செலினியம் என்றொரு தாது உண்டு. உடம்பில் அளவோடு சேர்ந்தால் நல்லது. கூடிவிட்டால் முடியும் நகமும் உதிரும். கீழே சமவெளி மண்ணில் அது போதாது. அங்கே உள்ள முதியோர் உணவகம் ஒன்று, செலினியம் ஏற்றிய சிப்பிக் காளான் வேண்டுமென்று எங்கள் விவசாயச் சங்கத்திடம் கேட்டது. வளர்க்கும் கொட்டகை என் எதிர்வீட்டு தாவோஷியுவுக்குக் கிடைத்தது. பரிசோதனையில் காளான் தேறாவிட்டால் கொட்டகை, அதைக் கேட்டுக் காத்திருந்த அண்டை வீட்டு ஷூபிங்குக்குப் போய்விடும். ஷூபிங் அப்போதே ஒரு கயிற்றை எடுத்து வந்து கொட்டகையை நீள அகலம் அளந்துவிட்டுப் போனாள்!

சங்கத்துப் பெண் லிங் சமவெளி மரத்தூளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள். செலினியம் கலந்த நீரையும் அளந்து கொடுத்தாள்.

"அக்கா, இந்தத் தூள், இந்தத் தண்ணி. வேற எதையும் சேர்க்காதீங்க."

தாவோஷியு தலையாட்டினாள். ஆனால் அவள் வீட்டுக் கூரை இறவாணத்தடியில் மணி உதிர்த்த சோளச் சக்கை மலையாகக் குவிந்து கிடந்தது. கரிக்கல் சரிவுக்குக் கீழே, மழை இறங்கும் அவள் நிலத்தில் விளைந்தது.

"வெளியூர்த் தூளுக்கு என்ன பவிசு? நம்ம சக்கை அடுப்புக்குத்தான் லாயக்கா?" என்றாள் புருஷன் தாஷானிடம்.

"அந்தப் பொண்ணு வேண்டாம்னுச்சே."

"அதுக்கு நம்ம நிலத்தப் பத்தி என்னய்யா தெரியும்? இடிச்சுப் போடு!"

தாஷான் இடித்துப் போட்டார். நாற்பது வருஷமாக அவர் வேறென்ன செய்திருக்கிறார்?

அந்தக் கலவையை நிரப்பிய பைகளுக்குள் வெள்ளையாகப் படரவேண்டிய காளான் இழை இளஞ்சிவப்பாகப் படர்ந்தது. தாவோஷியுவுக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பென்றால் கல்யாணக்களை அல்லவா! கொட்டகை வாசலில் சிவப்புத் துணி கட்டினாள். அந்தப் பக்கம் வந்த ஷூபிங் மூக்கை உறிஞ்சினாள்.

"யாருடி இங்க பூண்டு வதக்கறது?"

"பூண்டுமில்ல, பொறாமையுமில்ல. உன் கயித்த எடுத்துட்டுப் போ."

"போறேன். திரும்பி வர்றப்போ அது தேவைப்படும்."

லிங் வந்து ஒரு பையைத் திறந்தாள். பூண்டு வாடை குப்பென்று அடித்தது. சிவப்பைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அக்கா, செலினியம் மிதமிஞ்சிப் போச்சு. அதான் இந்த நெறம், இந்த வாடை. இத யாரும் சாப்பிடக் கூடாது. உண்மையச் சொல்லுங்க, என்ன சேர்த்தீங்க?"

தாவோஷியு வாசல் துணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"சோளச் சக்கை, தங்கச்சி. நம்ம நிலத்துது."

லிங் எழுந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நாங்களெல்லாம் நினைத்தோம். அவளோ நேரே இறவாணத்துக்குப் போய் ஒரு பிடி சக்கையை அள்ளிப் பையில் கட்டிக்கொண்டாள்.

"கரிக்கல்லுலேர்ந்து மழையில எறங்குன செலினியம் சக்கையிலயே இருக்கு, உப்புக்கு மேல உப்பா நானும் கொட்டியிருக்கேன். இதச் சோதிச்சுப் பார்க்கறேன். பொருந்தி வந்தா அடுத்த தடவை சக்கையும் பச்சத் தண்ணியும் மட்டும்தான். சங்கத்துல கேட்டு ஒரே ஒரு தவணை வாங்கித் தர்றேன். அதுலயும் தேறலேன்னா, கொட்டகை ஷூபிங் அக்காவுக்குத்தான்."

சிவந்த பைகளை லிங் சொன்னபடி அப்புறப்படுத்தினார்கள். லிங்கின் சோதனை பொருந்தி வந்தது. புதுப் பைகளில் இழை பால்போல் படர்ந்தது. தினமும் காலையில் எழுந்ததும் தாவோஷியு போய் முகர்ந்து பார்ப்பாள். ஒரு நாள் உண்மையாகவே பூண்டு வாடை! அலறியடித்து வெளியே ஓடிவந்தால், தாஷான் கொட்டகைக்குப் பின்னால் குந்தி ஊறுகாய்ப் பூண்டு தின்றுகொண்டிருந்தார். அன்று அவர் வாங்கிய வசவை நான் எழுத மாட்டேன்.

காளான் தேறிவிட்டது. சமவெளிக்கு முதல் வண்டி இறங்கிய அன்று தாவோஷியு எல்லோருக்கும் கிண்ணத்தில் சோள மது ஊற்றினாள். எங்கள் வழக்கப்படி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைத்தோம். லிங்குக்கு இரண்டாவது கிண்ணம் வந்தது.

"அளவு, அக்கா, அளவு!" என்று லிங் கையால் மூடினாள்.

ஷூபிங் மட்டும் கிண்ணத்தை உடைக்காமல் வைத்திருந்தாள். கயிறு இடுப்பில் இருந்தது.

"தாவோஷியு, எனக்கும் தனியா ஒரு கொட்டகை தர்றாங்களாம். உன் சக்கையில கொஞ்சம்..."

"எவ்வளவு வேணும்?"

"இந்தக் கயித்தால கட்டற அளவு."

தாவோஷியு கயிற்றை வாங்கி நீளத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டாள்.

"யோவ், எழுந்திரு. இடிக்கணும்."