ஜூலைக்கு எத்தனை புள்ளி

மேசைமேல் கிடந்த வெள்ளைத் தாளில், கடற்கரை விடுதியின் விற்பனைப் பெண் ஷானா பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பீட்சா வெட்டுவதுபோல அதைக் கூறு போட்டாள். ஒவ்வொரு கூறும் ஒரு வாரம்.

"அந்தக் காலத்துல டைம்ஷேரை இப்படித்தான் வித்தாங்க ஐயா. அறையோட ஒரு வாரத்தை உங்க பேருக்கு எழுதிக் கொடுத்துடுவாங்க. ஜூலை ரெண்டாவது வாரம்னா வருஷா வருஷம் அதேதான். அந்த வாரம் உங்க வீட்டுல கல்யாணமே வந்தாலும் அறை இங்க காத்துக்கிட்டு கிடக்கும்." வட்டத்தை அழித்துவிட்டு ஒரு தொட்டி வரைந்தாள். "இப்ப வாரம் கிடையாது. புள்ளி. நீங்க வாங்கறது அறையை இல்லை, நேரத்தை."

"நேரம் என்கிட்ட நெறையவே இருக்கு. ரிட்டையர் ஆன ஆளு. கொஞ்சம் உனக்கு விக்கட்டுமா?" என்றான் க்ளென்.

ஷானா மனம்விட்டுச் சிரித்தாள். அமெரிக்காவின் தெற்கத்திப் பெண், வாய்க்கு வாய் ஐயா, அம்மா. க்ளென் மனைவியின் பக்கம் சாய்ந்து, "இவ ஐயாங்கற ஒவ்வொரு தடவையும் விலை ஏறுது, கவனிச்சியா?" என்று கிசுகிசுத்தான். ரோண்டா கவனிக்கவில்லை. அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொந்த ஊரான ஓஹாயோவின் சேன்ஸ்வில்லில் க்ளென் வேலைக் காலம் முழுவதும் நகரத் தண்ணீர்த் துறையில் வால்வுகளோடு மல்லுக்கட்டியவன். தொட்டி என்றதும் அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஆண்டுக்கொரு முறை உங்கள் தொட்டியில் இத்தனை புள்ளி என்று வந்து விழும். ஓர் அறையில் தங்கினால் அதிலிருந்து இறங்கும். எல்லாரும் ஆசைப்படும் மாதத்தில் நிறைய இறங்கும், யாரும் சீண்டாத மாதத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அதிகம், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலுக்குக் குறைவு. மிச்சமானால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். போதாவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து முன்கூட்டியே இறக்கலாம். ஆனால் தொட்டியின் கொள்ளளவு மட்டும் இன்று இந்த மேசையில் சொல்லுவதுதான். விடுமுறைக் கடற்கரை ஊரான இந்த மிர்ட்டில் பீச்சில் இப்படி எத்தனையோ மேசைகளில், இலவசக் காலை உணவுக்கும் கடற்கொள்ளையர் நாடக டிக்கெட்டுக்கும் ஆசைப்பட்டு வந்த தம்பதிகள் தங்கள் தொட்டியின் அளவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கணவன் தனியாகவோ மனைவி தனியாகவோ வந்தால் உள்ளே விடமாட்டார்கள். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்ற வார்த்தையை வாசலிலேயே பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

"நூத்திப்பத்து வாங்கினா ஜூலைல ஒரு படுக்கையறை வீடு, ஒரு வாரம்," என்று மறுபடி சொன்னாள் ஷானா. "ஹால்ல சோபாவை விரிச்சா அதுவும் கட்டில். இருநூறுன்னா பெரிய வீடு, ரெண்டு படுக்கையறை. அதே அறை அக்டோபர்ல பாதிப் புள்ளிக்குக் கிடைக்கும்."

"நூத்திப்பத்து தாராளம்," என்றான் க்ளென். "நாங்க ரெண்டு பேரு, சோபாவுல எங்க பையன் டெரிக். முடிஞ்சுது."

"இருநூறு," என்றாள் ரோண்டா.

காலையிலிருந்து அவள் மூன்றாம் முறையாக அதைச் சொல்கிறாள். க்ளென் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் காபிக் கோப்பையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு மேசையில் மணி அடித்தது. யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கூடமே கைதட்டியது. க்ளெனும் மரியாதைக்குத் தட்டினான். கை தட்டுவதற்குத் தன்னிடம் கை இருப்பதே ரோண்டாவுக்கு நினைவில்லை.

அந்த இரண்டாவது அறை யாருக்கு என்று க்ளென் கேட்டுவிடுவான் என்பதுதான் அவள் பயம். பேத்தி பெய்ஸ்லிக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக வராது. கூட்டிக்கொண்டு வரவேண்டியவள் மிஸ்டி. டெரிக்கின் மனைவியாக இருந்தவள். விவாகரத்தான நாளிலிருந்து அந்தப் பெயரை க்ளென் வீட்டுக்குள் விடுவதில்லை. ரோண்டாவோ ஈஸ்டரிலிருந்து அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், கடைக்குப் போகும்போது, காரில் உட்கார்ந்து, இன்ஜினை அணைத்துவிட்டு.

இரண்டு கோடைக்கு முன்னால், இதே கடற்கரையில், நாலு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் எல்லாரும் ஒன்றாகத்தான் தங்கியிருந்தார்கள். மத்தியானம் முழுக்கக் குடித்திருந்த டெரிக், ஐஸ்கட்டி வாங்கி வருகிறேன் என்று பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் மோதினான். பெய்ஸ்லியின் தாடையில் தையல் போட்டார்கள். அன்று மாலையே மிஸ்டி பெட்டியைக் கட்டினாள். இப்போது டெரிக் பெற்றோரின் வீட்டு நிலவறையில் இருக்கிறான். குடிப்பதில்லை. வியாழக்கிழமைகளில் தேவாலயத்தில் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போகிறான். திரும்பி வந்ததும் ஏற்கெனவே கழுவிய தட்டுகளை எடுத்து இன்னொரு முறை கழுவி வைக்கிறான்.

"ஜூலைல ஒரு வாரம் கூட்டிட்டு வர்றேம்மா," என்று மிஸ்டி சொல்லியிருந்தாள். இன்னும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். "ஆனா டெரிக் அந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாது. பக்கத்து அறைகூடக் கூடாது. இருக்கான்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே கிளம்பிடுவேன். அதுக்கப்புறம் எங்கிட்ட கேக்காதீங்க."

இருநூறுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவில் தம்பதி முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஷானா, சண்டையை நடக்க விட்டால் ஆறிவிடும் என்று தெரிந்தவளாக, "வாங்க, வீட்டைக் கண்ணால பாத்துட்டுப் பேசலாம்," என்று எழுந்தாள்.

ஏழாவது மாடியில் மாதிரி வீடு. உள்ளே எலுமிச்சை வாசனை தெளித்திருந்தார்கள். பெரிய பக்கத்தில் சமையலறை, ஹால், படுக்கையறை. ஹாலின் ஓரத்தில் ஒரு கதவு. ஷானா அதைத் திறந்தாள். அதற்குப் பின்னால் ஒரு கை அகலம் தள்ளி இன்னொரு கதவு நின்றது.

"இதுதான் இந்த வீட்டோட விசேஷம். இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தச் சின்ன அறைக்கு வராந்தாவுலேர்ந்து தனி வாசல் இருக்கு, தனிச் சாவி இருக்கு. ரெண்டு கதவையும் திறந்து வெச்சா ஒரே வீடு. சாத்திக்கிட்டா ரெண்டு வீடு."

க்ளென் ஷானாவைத் தாண்டிப் போய் கதவுகளுக்கு நடுவில் குனிந்தான். இந்தத் தாழ்ப்பாளைப் போட்டான், எடுத்தான். சின்ன அறைக்குள் போய் அந்தக் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, "இப்ப உன் பக்கம் திறந்துதானே இருக்கு, தள்ளிப் பாரு," என்றான். ஷானா தள்ளினாள். அசையவில்லை. மறுபடி திறந்துகொண்டு வந்தவன் முகத்தில், மண்ணைத் தோண்டிக் குழாயின் ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டு வீடு திரும்பும் நாட்களில் ரோண்டா பார்த்திருக்கிற பிரகாசம்.

"ரெண்டு வால்வு, முதுகோட முதுகு. ஒருத்தன் மட்டும் திறந்தா தண்ணி ஓடாது. ரெண்டு பேரும் திறக்கணும்." கதவின் விளிம்பைத் தடவினான். "எவன் யோசிச்சானோ, மூளைக்காரன்." பிறகு ரோண்டாவைப் பார்க்காமல், தாழ்ப்பாளைப் பார்த்தபடியே சொன்னான். "மிஸ்டியும் குட்டியும் அந்தப் பக்கம். நாம டெரிக்கோட இந்தப் பக்கம்."

ரோண்டா திரும்பி அவனைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கற? இருநூறு இருநூறுன்னு நிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு யாருக்குன்னு. உன்னைத் தேடி எத்தனை விருந்தாளி வரிசைல நிக்கறாங்க?"

"க்ளென்..."

"அவளுக்குப் பயமா இருந்தா அவ பக்கம் பூட்டிக்கட்டும். நான் தட்டக்கூட மாட்டேன். அவளா எப்பத் திறக்கறாளோ அப்பத் திறக்கட்டும். ஒரு வருஷம் ஆகுமா, அஞ்சு வருஷம் ஆகுமா, ஆகட்டும். வீடு இங்கயேதான இருக்கப்போகுது." ஷானாவின் பக்கம் திரும்பினான். "இருநூறே போடும்மா."

காலையிலிருந்து ரோண்டா எதற்காகப் போராடினாளோ அது இதோ வந்துவிட்டது, வரக் கூடாத வழியில். இப்போது பேசாமல் இருந்தால் போதும். கையெழுத்து விழும். மணி அடிப்பார்கள். ஜூலையில் மிஸ்டி வந்து வராந்தாவில் டெரிக்கைப் பார்ப்பாள். அதன்பின் பெய்ஸ்லி இல்லை. கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால் சில நாளுக்குள் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது. மிஸ்டியிடம் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

"அவ வரமாட்டா," என்றாள்.

"ஏன் வரமாட்டா?"

"டெரிக் இந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாதாம். கதவைப் பூட்டினாலும் சரி, பூட்டாட்டாலும் சரி."

"யார் சொன்னா?"

"அவதான்."

ஷானா கையிலிருந்த, படிவங்கள் செருகிய பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நான் போய் குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வராந்தாப் பக்கம் நழுவினாள். சமையலறைக் குழாயைத் திறந்தாலே தண்ணீர் வந்திருக்கும்.

"எத்தனை நாளா பேசற?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"இத்தனை நாளும் உன் பக்கத்துல உக்காந்து, ஒண்ணும் தெரியாம டி.வி. பாத்துட்டு இருந்திருக்கேன்." க்ளென் மாதிரி வீட்டின் சோபாவில் உட்கார்ந்தான். உட்காராதீர்கள் என்று அதில் ஒரு சிறிய அட்டை இருந்தது, அதன்மேலேயே உட்கார்ந்தான். "அவன் என்ன பண்ணணுங்கறா? இன்னும் என்ன பண்ணணும்? ஒரு சொட்டு தொடலை. நான் வாங்கற வீட்டுக்குள்ள என் புள்ள வரக் கூடாது. அதை நீ எனக்குத் தெரியாம ஒத்துக்கிட்டு வந்திருக்க."

"நான் ஒத்துக்கலை. ஒண்ணுமே சொல்லாமத்தான் இருந்தேன்."

"அதான் ஒத்துக்கறது."

பல் டாக்டரின் முன்மேசையில் பல காலம் உட்கார்ந்து நேரம் குறித்துக் கொடுத்தவள் ரோண்டா. ஆகாத இரண்டு பேர் காத்திருக்கும் அறையில் ஒருவரையொருவர் பார்த்துவிடாமல் வருவதும் போவதும் அவள் கையில்தான் இருந்தது. பிரிந்துபோன தம்பதிகள், வழக்காடும் அண்ணன் தம்பிகள், ஒருத்தர்கூட அவள் காலத்தில் அங்கே முட்டிக்கொண்டதில்லை. சுவர் வைத்து அல்ல, மணி பார்த்து. க்ளென் கதவைப் பார்த்து மயங்கிவிட்டான். ஷானா காலையில் வரைந்த தொட்டியில்தான் வழி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஜூலைல இருநூறு, அது குட்டிக்கும் மிஸ்டிக்கும். குட்டிக்கு ஸ்கூல் லீவு அப்பத்தான்," என்றாள் மெதுவாக. "டெரிக்குக்கு ஸ்கூலா இருக்கு? அவன் அக்டோபர்ல வரலாம். நூத்திப்பத்து வீடு அப்பப் பாதி, அம்பத்தஞ்சு. இன்னும் அறுபது சேத்து வாங்கினா ரெண்டு பேருக்கும் ஆகும், க்ளென். நாம ரெண்டு தடவை வருவோம்."

"அக்டோபர்ல கடல் சில்லுனு கிடக்கும்."

"ஆமா."

"பாதிக் கடை பூட்டிக் கிடக்கும்."

"ஆமா."

"அவனுக்குத் தெரியாதா, ஏன் அக்டோபருன்னு? மடையனா அவன்? ஊர்ல எல்லாரும் வந்துட்டுப் போனப்புறம் அவனை மட்டும் வரச் சொன்னா?"

"தெரியும்," என்றாள் ரோண்டா. கணக்கு சரியாக வந்தது. சரியாக வந்த கணக்குக்குள் ஒருவனை வைத்துப் பூட்டவும் வேண்டியிருந்தது. இதை டெரிக்கிடம் யார் சொல்வது என்பதற்கான விடையை எந்தத் தொட்டியிலிருந்தும் இறக்க முடியாது.

க்ளென் எழுந்தான். அவள் பக்கம் வருவான் என்று நினைத்தாள். அவன் இரட்டைக் கதவைத் தாண்டிச் சின்ன அறைக்குள் போனான். கண்ணாடிக் கதவு நகரும் சத்தம் கேட்டது. ரோண்டா பெரிய பக்கத்துப் பால்கனிக்கு வந்தாள். இரண்டு பால்கனிக்கும் நடுவில் தலைக்கு மேல் உயர்ந்த தடுப்புச் சுவர். கைப்பிடிக் கம்பி மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரே கம்பியாக ஓடியது. எட்டிப் பார்த்தபோது, சுவரின் முனைக்கு அப்பால் அவனுடைய இடது கை மட்டும் அந்தக் கம்பியைப் பிடித்திருப்பது தெரிந்தது.

அவன் போனில் மறுமுனை அடிக்கும் ஓசை லேசாகக் கேட்டது. டெரிக் எடுத்தது தெரிந்தது.

"சாப்ட்டியா? ... ஆமா, இங்கதான் இருக்கோம். ஃப்ரீ டிபன் போட்டுக் கழுத்தை அறுக்கறாங்க." கொஞ்சம் சிரித்தான். "இல்லடா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நான் வேற ஒண்ணு கேக்கணும். அக்டோபர்ல உனக்கு லீவு கிடைக்குமா? ... ஜூலை இல்ல. ஜூலைல நீ வேணாம். ... பெய்ஸ்லி வருவாடா. அதான்."

அவளுக்குப் பின்னால் மாதிரி வீட்டின் வாசற்கதவை யாரோ தட்டினார்கள். "வரலாமாம்மா?" என்று ஷானாவின் குரல். கூடவே முன்பு கேட்டிராத ஓர் ஆண் குரல், கலகலப்பாக, தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொண்டது. ரோண்டா திரும்பவில்லை. கீழே அலை வந்து உடைந்து பின்வாங்கியது. அந்த இரைச்சலில் மகன் என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. சுவருக்கு அப்பால் க்ளெனின் கை கம்பியை இறுக்கிக்கொண்டே போனது. அந்த இறுக்கம் கம்பி வழியாக ஓடிவந்து, இந்தப் பக்கம் பிடித்திருந்த அவள் உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.