இடது குதிகாலுக்கு மேலே

டப்!

காய்ந்த மூங்கிலை யாரோ முழங்காலில் வைத்து முறித்தது போல, என் வலப்பக்கத்தில் ஒரு சத்தம். அடுத்த நொடி எங்கள் இருவர் கைகளையும் இணைத்திருந்த கயிறு என்னைக் கீழே இழுத்தது. தடுமாறி நின்றேன். ஆற்றங்கரைப் பாதையில் கெங்கோ விழுந்து கிடந்தார்.

"எவண்டா என் கால்ல கல்லெறிஞ்சது?" என்று கத்தினார்.

"யாரும் எறியலப்பா. பின்னால நானும் என் நாயும்தான் வர்றோம்," என்றது ஒரு முதிய குரல்.

"அப்ப உங்க நாய்தான் உதைச்சிருக்கணும்!"

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஜப்பானில், ஒகயாமா நகரத்தில் மசாஜ் நிலையம் நடத்துகிறேன். கெங்கோ என் வழிகாட்டி ஓட்டக்காரர். முன்பு ஒரு கம்பெனி அணிக்காக மாரத்தான் ஓடியவர். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி, வளைவையும் மேட்டையும் சொல்லிக்கொண்டே கூட ஓடுவார். வரும் ஞாயிற்றுக்கிழமை பார்வையற்றோர் தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம். வழிகாட்டி இல்லாமல் தொடக்கக் கோட்டில் நிற்கவே விடமாட்டார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அடுத்த தேர்வு வரை இந்த உடம்பு காத்திருக்காது.

"சுளுக்குத்தான், சிகுசா சான்," என்றார் கெங்கோ, வழக்கமான மரியாதையோடு. "பாதம் நல்லா அசையுது, பாருங்க. அட, உங்ககிட்டப் போய் பாருங்கன்னு சொல்றேன் பாருங்க!"

"பாதத்தை அசைக்க வேற சின்னத் தசைங்க இருக்கு. அதை நம்பாதீங்க. குப்புறப் படுங்க."

"வேணாமே."

"படுங்கன்னா படுங்க!"

புல்லில் படுத்தார். அவருடைய வலது கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினேன். தசை சுருங்கினால் தசைநாணை இழுக்கும்; நாண் குதிகாலை இழுக்கும். என் பிடி தசையின் வேலையைச் செய்தது. பாதம் துள்ளியது.

இடது காலில் அழுத்தினேன். பாதம் செத்தது போலக் கிடந்தது.

"இப்ப நீங்களே பாதத்தை அழுத்துங்க, தரையைத் தள்ளுற மாதிரி."

கெண்டைத் தசை என் உள்ளங்கைக்குள் இறுகியது. மேலே முழங்காலை நோக்கிச் சுருண்டது. குதிகாலுக்கு அந்த வலு வந்து சேரவில்லை. இழுக்கிற தசை இருந்தது. இழுபட நாண் இல்லை.

குதிகாலுக்கு மேலே விரலை நகர்த்தினேன். ஓரிடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கியது. இரண்டு பக்கமும் நாண் தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தது. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. இந்தத் தடிப்பு இன்று வந்ததல்ல.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். நாண்தான் ரப்பர் போல நீண்டு, திரும்பச் சுருங்கி, ஆளை முன்னால் தள்ளும். நொந்துபோன நாண் அந்த இழுப்பை எவ்வளவு காலம் தாங்கும்? குளிர்காலத்திலிருந்தே அவருடைய இடது அடி கனத்து விழுந்தது எனக்குக் கேட்டது. விசாரித்ததற்குப் புது ஷூ என்றார். என் நிலையத்துக்கு வந்தாலும் தோளை மட்டும்தான் காட்டுவார். காலைத் தொடப்போனால் கூச்சமாக இருக்கிறது என்று சிரிப்பார்.

"எப்பலேர்ந்து வலி?"

பெரியவர் ஆம்புலன்ஸுக்கு போன் செய்வது கேட்டது. நாய் மூச்சிரைத்தது.

"கெங்கோ சான், கேக்குறேன்ல?"

"வருஷப் பிறப்புலேர்ந்து."

ஞாயிற்றுக்கிழமை இனி இல்லை.

"அப்பவே சொல்லியிருந்தா கோபேல இருக்கிற இன்னொரு வழிகாட்டிப் பொண்ணு வந்திருப்பா. இத்தனை மாசத்துல அவளோட ஓடிப் பழகியிருப்பேன். உங்களுக்கும் கால் பிழைச்சிருக்கும். இது தெரியாதா உங்களுக்கு?"

புல்லில் புதைந்த குரலில் அவர் சொன்னார்:

"அவளோட ஓடிப் பழகியிருப்பீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்லல. கம்பெனி கழட்டி விட்டதுக்கப்புறம், காலையில என்னை எதிர்பார்த்து நிக்கிற ஒரே ஆளு நீங்கதான், சிகுசா சான்."