அவளைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வா

முகோனோ பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஓர் இரும்புக்கடையின் மாடியில்தான் எங்கள் வானொலி வகுப்பு. கீழே தகரம் வெட்டுவார்கள், மேலே நாங்கள் ஒலிக்கதை பண்ணுவோம். அந்த லட்சணத்தில் 'சத்தத்தைக் கவனி, சத்தத்தைக் கவனி' என்று டீச்சரின் உபதேசம் வேறு. ஒவ்வொருவரும் ஒரு கதையைப் பதிவு செய்து கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு நல்லது, ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை கதை செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ஜன்னலோரம் கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த முக்காலிக்கு நாங்கள் வைத்த பேர் பிணப்பலகை. அதில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் காதில் விழும், எதற்கும் பதில் சொல்ல முடியாது.

"இன்னைக்கு யாரு பிணம்?" என்று லுபோவா கேட்டான். வகுப்பில் அவன்தான் பெரிய மேதை. கழுத்தில் ஹெட்ஃபோன் இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போக மாட்டான்.

"நகாட்டோ" என்றார் நான்கியா டீச்சர்.

நான் போய் உட்கார்ந்தேன். என் கதை ஏரிக்கரையில் இருக்கும் கடோசி படகுத்துறையைப் பற்றியது. அங்கேதான் எங்கள் வீடு. முகேனே என்கிற பொடிமீனை மணலில் வலை விரித்துக் காயப்போடும் பெண்கள், அவர்களில் ஒருத்தியாக என் அம்மா, மீனைத் தூக்கிப் போகும் பறவைகள், அவற்றை அம்மா திட்டும் திட்டு. இவ்வளவுதான் கதை. நடுநடுவே நான் பேசியிருந்தேன். நான் மட்டும்தான்.

ஸ்பீக்கர் ஓய்ந்ததும் என் தோழி நமுபிரு முதலில் வாயைத் திறந்தாள். "நல்லது என்னன்னா, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசறது. கேக்கவே ஆசையா இருக்கு. திருத்தம், பாபிரியே ரொம்பத் தூரத்துல நிக்கிறா. அவளைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒருத்திக்கு நகாட்டோ என்று பேர் இருந்தால், அவளுக்குச் சற்று முன்னால் அதே வயிற்றில் பிறந்த இன்னொருத்திக்குப் பாபிரியே என்றுதான் பேர். இரட்டைப் பெண்களுக்கு வேறு பேர் கிடையாது. அதனால் அந்த இன்னொரு குரல் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நகாட்டோவின் அக்கா.

"உன்னைவிட அவ நல்லாப் பேசறா" என்றான் லுபோவா. "நீ பேசாம மைக்கை அவகிட்ட குடுத்துட்டு மீன் காயப்போடப் போயேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் சிரிக்கவே தெரியாத நான்கியா டீச்சர் குனிந்து எழுதிக்கொண்டே, "இரண்டாவது குரல் இயல்பா இருக்கு. ஆனா காத்து அடிக்கற பக்கம் நின்னு பேசியிருக்கா, வார்த்தை சிதறுது" என்றார்.

முக்காலியை விட்டு எழுந்ததும் லுபோவாவின் லேப்டாப் முன்னால் போய் நின்றேன். "எங்க? எந்த இடத்துல?"

"நடிக்கறா பாரு! இதோ, நீ மூச்சு விட நிறுத்தற இடமெல்லாம் அவதான்." திரையில் விரலை வைத்துக் காட்டினான். அந்த இடத்தில் சத்தத்தைக் காட்டும் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். காற்று மட்டும்தான் கேட்டது. பக்கத்தில் ஸ்பீக்கரில் அதையே கேட்டுக்கொண்டிருந்த நமுபிரு, தலையை ஆட்டி ஆட்டிப் புன்னகைத்தாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம், என் அக்கா உயிரோடு இல்லை என்று. வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். 'பேசறா', 'நிக்கிறா' என்று அவளைப் பற்றி ஒருத்தர் சொல்லிக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் அவள் பேரைச் சொன்னாலே அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கடோசியிலிருந்து கோமே தீவுக்குப் போகிற படகில், மூட்டை மூட்டையாக மீனோடு ஏறினாள் பாபிரியே. நானும் போயிருக்க வேண்டியது, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அளவுக்கு மேல் ஏற்றிய படகு நடு ஏரியில் கவிழ்ந்தது. உடம்பு கரையொதுங்கியது. அம்மாதான் குளிப்பாட்டினாள். வாழைத்தோட்டத்தில் புதைத்தோம். யாரும் அழவில்லை. எங்களில் இரட்டைக் குழந்தை சாகாது, பறந்து போகும். செத்துவிட்டாள் என்று சொல்லக் கூடாது, ஒப்பாரி வைக்கக் கூடாது. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் "பறந்துட்டா, பறந்துட்டா" என்று வரவேற்பு சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தண்ணீர் குடித்துச் செத்தவள் பறந்தாளாம்!

அடுத்த வாரத்துக்குக் கதையை மறுபடி பேசிப் பதிவு செய்தேன். இந்தத் தடவை கரைக்கே போகவில்லை. அம்மா வெளியே போன நேரத்தில் கதவைச் சாத்தி, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மைக்கை வாயருகே வைத்துப் பேசினேன். என் மூச்சைத் தவிர அந்தப் போர்வைக்குள் எதுவும் இல்லை.

மறுபடியும் பிணப்பலகை.

"ஆங், இப்ப கிட்ட வந்துட்டா" என்றாள் நமுபிரு திருப்தியாக. "நாங்க சொன்னதைக் கேட்டியே, அது நல்லது."

"மூச்சு வாங்குது அவளுக்கு, ஓடி வந்த மாதிரி" என்றான் லுபோவா. இந்தத் தடவை அவன் கிண்டல் செய்யவில்லை. "அதை வெட்டிடாத, பிரமாதம். ஆனா ஒரு குறை. படகு கெளம்பப் போகுது, ஒரு இடம் வச்சிருக்கேன், வா வான்னு அவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நீ பாட்டுக்கு மீனைப் பத்திப் பேசற. எப்பதான் அவளுக்குப் பதில் சொல்லுவன்னு கேக்கறவனுக்கு இருக்கு."

முக்காலியின் விளிம்பை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி அன்றைக்கு எனக்கு உபகாரம்தான் பண்ணியது. திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

நான்கியா டீச்சர் பேனாவை மூடினார். "லுபோவா சொல்றது சரி. ஒருத்தி கூப்பிட்டா இன்னொருத்தி பதில் சொல்லணும். ஏறு, இல்ல ஏறாத. ஒரு முடிவு வேணும். அப்புறம், கதையில தண்ணியே இல்ல. படகுத்துறைன்னு சொல்லிட்டு தண்ணி இல்லாம எப்படி? படகுல ஏறி நடு ஏரியில எடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமை கடைசி."

வகுப்பு முடிந்ததும் நமுபிருவைப் படிக்கட்டில் உட்காரவைத்து, அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். "அவ பேசறதை அப்படியே திருப்பிச் சொல்லு. ஒரு வார்த்தை விடாம."

"உனக்கென்ன பைத்தியமா? நீ பண்ணதுதானே?"

"சொல்லுடி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கக் கேட்கச் சொன்னாள். "சீக்கிரம்... மேல ஏறி வா... மூட்டையை நான் தள்ளி வச்சுட்டேன்... உனக்கு எடம் இருக்கு... காய்ச்சல் விட்டுருச்சில்ல? அப்புறம் என்ன? அடியே சொத்தைப் பல்லு, வா!" கண்ணைத் திறந்து சிரித்தாள். "சொத்தைப் பல்லா? உன்னையா?"

சின்ன வயசில் எனக்கு முன்பல் கறுத்திருந்தது. அது விழுந்து முளைத்து எவ்வளவோ காலமான பிறகும் அப்படிக் கூப்பிட்டது உலகத்திலேயே ஒருத்திதான். காய்ச்சலைப் பற்றி நமுபிருவுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. லுபோவாவுக்குக் கேட்கிறது, டீச்சருக்குக் கேட்கிறது, அவளோடு ஒரே வயிற்றில் கிடந்த எனக்குக் கேட்காதா? படகில் ஏறிவிட்டால் கேட்கும் என்று ஏனோ நிச்சயமாகத் தோன்றியது. ஏறினால் திரும்பி வருவேனா என்பதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையாகவே யோசிக்கவில்லை, அதுதான் இப்போது நினைத்தாலும் நடுக்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை நடுப்பகல் வெயில். ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு துறைக்கு இறங்கினேன். கோமே படகில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா மணலில் குனிந்து மீனைக் கிளறிக்கொண்டிருந்தாள். இரட்டை பெற்றவள் என்பதால் ஊரே அவளை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும். ஒன்று போனாலும் அந்தப் பேர் போகாது.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் நிமிராமலே.

"படகுல. தண்ணி சத்தம் எடுக்கணும்."

"இங்க இல்லாத தண்ணியா? கரையில நின்னு எடு."

"கரை போதாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"உங்க டீச்சர வந்து ஏறச் சொல்லு!" அம்மா நிமிர்ந்தாள். "கால வச்சுப் பாரு, ஒடைச்சுப்புடுவேன்."

"ஏன், நான் மட்டும் பறக்கக் கூடாதா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். அம்மா அறைவாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த மீனை மெதுவாக வலையில் போட்டாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்தா, நீயே கேளு. எல்லாருக்கும் கேக்குதாம், எனக்கு மட்டும் கேக்கல. உனக்குக் கேக்குதான்னு பாரு." ஹெட்ஃபோனை அவள் தலைத்துணிக்கு மேலேயே மாட்டி, பட்டனை அழுத்தினேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. மூன்று வருஷமாக நான் பார்க்காத மலர்ச்சி. "கழுதை" என்றாள் வாய் நிறைய. "வாயப் பாரு வாய. இன்னும் அதே வாய்." ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "என்னடி இப்படி மூச்சு வாங்கற? எங்கிருந்து ஓடி வர்ற?" நடுவெயிலில், மீன் நாற்றத்துக்கு நடுவில், தன் மகளோடு அவள் பேசுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் காதில் ஏரியும் பறவையும்தான்.

அப்புறம் சிரிப்பு நின்றது. அம்மா படகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள், எலும்பு வலிக்கிற மாதிரி.

"யாருக்கு எடம் வச்சிருக்க?" என்றாள். என்னிடம் இல்லை.

பதிலைக் கேட்பவள்போல் தலையைச் சாய்த்தாள். பிறகு மறுகையால் ரெக்கார்டரை என் தோளிலிருந்து இழுத்து, மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டாள்.

"பாபிரியே. அம்மா பேசறேன். இவ வரமாட்டா. கேட்டியா? ... இல்ல. கெஞ்சாத. இவ எனக்கு வேணும்." பிடி இன்னும் இறுகியது. "நீ பறக்கலடி. பறக்கலடி என் தங்கமே, நான்தான் ஊரெல்லாம் பொய் சொன்னேன். நீ செத்துட்ட. உன் தலைமுடியில இருந்த பாசிய நான்தான் எடுத்தேன். உன் வாயத் தொடச்சு விட்டேன். நீ செத்துட்ட. எடத்தக் காலி பண்ணிட்டுப் போ. இவள விட்டுட்டுப் போ."

பக்கத்து வலைகளில் இருந்த பெண்கள் கை நின்று போய்ப் பார்த்தார்கள். இரட்டை பெற்றவள் வாயில் அந்த வார்த்தை! ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. காதில் ஏதோ தேய்ந்து தேய்ந்து போவதைக் கேட்பவள்போல் வெகுநேரம் அசையாமல் நின்றாள். படகுக்காரன் கடைசி ஆளையும் ஏற்றிக்கொண்டு தள்ளினான். மோட்டார் சத்தம் துறையை விட்டு நகர்ந்தது.

"போயிட்டா" என்று ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

அப்புறம் அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எந்த ரெக்கார்டரும் தாங்காது. மணலில் விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று அம்மா அழுதாள். என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. நானும் அவள்மேல் விழுந்து அழுதேன். ஏன் அழுகிறோம் என்று யோசிக்க நேரமில்லை, அது பாட்டுக்கு வந்தது.

அழுகை கேட்டு மேட்டுத் தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சப்பாத்திக் கடைக்காரி நலுபேகா, மாவுக் கையோடு எல்லோருக்கும் முன்னால் வந்து அம்மா பக்கத்தில் மண்டியிட்டாள். போன மாதம்தான் மசாக்காவிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"யாரு நாலோங்கோ? யாரு செத்தது?"

"என் மூத்தவ" என்றாள் அம்மா. "பாபிரியே."

"ஐயோ! எப்போ?"

"இப்பதான்."

நலுபேகா வேறெதுவும் கேட்கவில்லை. இடுப்புத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எல்லாம் தெரிந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக மீனை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார்கள்.