திருநீறு பூசிய ராபர்ட்

"அது என் தம்பிதான்! கூடப் பொறந்தவனை எனக்குத் தெரியாதா? சும்மா கோர்ட்டு கோர்ட்டுன்னு குடும்ப மானத்தை வாங்காத!"

"உங்க தம்பின்னா நெத்தி நெறைய துன்னூறு எப்படி வந்துச்சு மாமா?"

திருப்பாதிரிப்புலியூர்ச் சந்தில் பால் வாங்க வந்தவர்கள் பாலை மறந்து நின்றார்கள். கத்தியவர் அந்தோணிசாமி. பதிலுக்குக் கத்தியவள் ரேகா, அவருடைய தம்பி ராபர்ட்டின் மனைவி. அந்தோணிசாமியின் கவலையெல்லாம் தம்பியைப் பற்றியதல்ல. மகள் பிரீதாவைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது.

"ஜெயிலுக்குள்ள போயி மதம் மாறியிருப்பான்" என்றாள் எதிர்வீட்டுச் சௌந்தரம், யாரும் கேட்காமலே.

ராபர்ட் செம்புக் கம்பி திருடினான் என்பது வழக்கு. திருடினானா இல்லையா என்று கோர்ட்டு இன்னும் விசாரிக்கவே ஆரம்பிக்கவில்லை. சந்தில் மட்டும் தீர்ப்பு அன்றைக்கே ஆகிவிட்டது.

முன்பெல்லாம் வாய்தாவுக்கு வாய்தா வேனில் கூட்டி வருவார்கள். கோர்ட்டு வராந்தாவில் ரேகா ஒரு பன்னைக் கையில் திணிப்பாள்; காவலர் வேறு பக்கம் பார்ப்பார். இரண்டாயிரத்துப் பத்தில் கோர்ட்டுக்கு டிவி வந்தது. கைதி ஜெயிலிலேயே உட்கார்ந்து முகத்தைக் காட்டினால் போதும், காவல் நீட்டிப்பு ஆகிவிடும்.

போன வாய்தாவில் அந்த டிவியில் ஓர் ஆள் தெரிந்தான். ரேகா கொடுத்தனுப்பிய அதே மஞ்சள் சட்டை. அதே ஒடிசலான தோள். பெயரைக் கூப்பிட்டதும் குனிந்தபடியே தலையாட்டினான். நெற்றியில் மூன்று பட்டை. ரேகா எட்டிப்போய் உற்றுப் பார்த்தாள். புருஷனின் சட்டைக்குள் யாரோ இருந்தார்கள். பக்கத்தில் இருந்த அந்தோணிசாமியோ, "இளைச்சிட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே ஜெயிலுக்குப் போய்ப் பார்க்க மனு போட்டாள். "ஒன்னைப் பாக்க இஷ்டமில்லன்னுட்டான்" என்று திருப்பியனுப்பினார்கள்.

சண்டைக்கு மறுநாள் அடுத்த வாய்தா. ரேகா போய்க் கேட்டதில் இலவசச் சட்ட உதவி வக்கீல் லலிதாம்பாள் வந்தார். டிவியில் அதே சட்டை, அதே பட்டை.

"ஐயா, இவர் விசாரணைக் கைதி. இவரை டிவியில பாக்கலாம்னு சட்டம் இருக்கு. இவருக்குப் பதிலா யாரை வேணாலும் பாக்கலாம்னு இல்ல" என்றார் லலிதாம்பாள். "பொண்டாட்டி பேரைச் சொல்லச் சொல்லுங்க."

நீதிபதி கேட்டார். ஆள் பக்கவாட்டில் யாரையோ பார்த்தான். உதடு அசைந்தது. குரல் சற்றுப் பிந்தி வந்தது.

"நான் கண்ணாயிரமுங்க ஐயா. வேற கேசு. பீடி தரேன்னு இந்தச் சட்டைய மாட்டி உக்கார வச்சாங்க. சட்டைக்காரரைப் போட்டு மிதிச்சிட்டாங்க. செவுத்துக்கு அந்தாண்ட மொனகிக்கிட்டே இருந்தாரு. நேத்துலேருந்து மொனகல் இல்லீங்க."

ஓர் உள்ளங்கை வந்து படத்தை மூடியது. அப்புறம் வெறும் கறுப்பு.

தினமும் காலையில் சாமி கும்பிட்டுத் திருநீறு பூசுகிறவனைப் பிடித்து ராபர்ட் ஆக்கியவர்களுக்கு, நெற்றியைத் துடைத்துவிட வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவர்கள் கண்ணுக்கு அது நெற்றியில் இருப்பதே தெரிந்திருக்காது.

நீதிபதி சாப்பாட்டுக்குப் போகவில்லை; நேரே ஜெயிலுக்குப் போனார். ரேகாவும் போனாள். சமையல் கூடத்துக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ராபர்ட் கிடந்தான். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

"யாருப்பா அடிச்சது?" என்று குனிந்து கேட்டார் நீதிபதி.

"கொறை ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"என்னங்க, நான் ரேகா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"கொறை ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றான், சொல்லிப் பழக்கி வைத்த அதே குரலில், அவளையும் பார்த்து.

ஆஸ்பத்திரியில் வைத்தே ஜாமீன் கிடைத்தது. ஜெயில் காவலர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அது நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. ரேகா என்று அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாதக்கணக்காயிற்று. அதன் பிறகு அவள் இந்தச் சந்தில் இருக்கவில்லை. திருவதிகைப் பக்கம் வீடு பார்த்து அவனைக் கூட்டிப் போய்விட்டாள். கண்ணாயிரம் விடுதலையாகி, கோர்ட்டு வாசல் டீக்கடை செல்லாயியின் மகளைக் கட்டிக்கொண்டான். பிரீதா சிதம்பரத்துக்கே வாழ்க்கைப்பட்டாள். கல்யாணத்துக்கு ராபர்ட் வரவில்லை. ரேகா வந்தாள், பெண்ணின் கையில் மொய்க் கவரைக் கொடுத்தாள், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டாள்.